ஐந்தாவது துளை

நெய்யூர் இஸ்ரவேல் தன் பட்டறையில் இரும்பு குடையும் சின்ன மில்லிங் மிஷினின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, செத்துப்போன மாமியாருடைய தையல் மிஷினின் கால்மிதியை அதில் பூட்டினார்.

"சனிக்கிழமைக்குள்ள தகடு முடியணும். இல்லேண்ணா அம்மைக்க மிதிய கழத்தித் தந்துரணும்," என்றாள் மனைவி சத்தியபாய்.

அரிசி மில் எஞ்சினுக்கு வரிசையாக நாலு துளையிட்ட தகடு வேண்டும். இஸ்ரவேல் நாலுதான் போட்டார். எண்ணினால் ஐந்து இருந்தது. அடுத்த தகட்டிலும் ஐந்து. மூன்றாவதை ஜெபித்துவிட்டு மிதித்தார். ஐந்து.

சத்தியபாய் எட்டிப் பார்த்தாள். "அம்மைக்குக் குப்பாயம்ணா அஞ்சு பொத்தான்தான். நாலு வச்சா நெஞ்சு தெரியும்ணு சொல்லுவா."

"ஏட்டி, இது எஞ்சினுக்குள்ளது."

"எஞ்சினுக்கும் நெஞ்சு உண்டும்லா."

சனிக்கிழமை வந்துவிட்டது. இஸ்ரவேல் அந்த மூன்றாவது தகட்டையே எஞ்சினில் வைத்து நாலு போல்ட்டை முறுக்கினார். ஐந்தாவது துளையைச் சும்மா விட்டார். எஞ்சின் ஓடியது. மிதி பட்டறையிலேயே தங்கியது.

திங்கட்கிழமை மில்காரர் பொன்னுலிங்கம் வந்தார். "எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்ல ஓய். ஆனா நீரு ஒருக்கா வந்து பாரும்."

நாலு போல்ட்டும் கழன்று தரையில் கிடந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரும்பு உடம்பில் வெள்ளைப் பொத்தான் ஒன்று நூலால் தைக்கப்பட்டிருந்தது. தகடு ஐந்தாவது துளையால் அதில் மாட்டி நின்றது.