வந்துட்டேன்க்கா

சர்வரின் மைய நிரலுக்கென்று தனி வேலை எதுவும் கிடையாது. தொடங்கியதும், ஆளுக்கொரு வேலை செய்யும் துணை நிரல்களான பிளகின்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடும். பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கூப்பிடும். எல்லாம் "தயார்" என்று சொல்லும். அலுவலகக் கதவுகளுக்காகத் தம்பி எழுதிய பிளகின் மட்டும் "வந்துட்டேன்க்கா" என்று சொல்லும். அதே அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைச் சீண்டுவதற்காக அவன் அப்படி எழுதிவைத்திருந்தான்.

தம்பி தவறிப்போனதும் அந்தப் பிளகினின் கோப்பை அழித்துவிட்டார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல், நினைவில் ஏற்றியதை விடாது. நிறுத்தித் தொடங்கினால்தான் போகும். இன்றைக்கு, நாளைக்கு என்று அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

"இனிமேலும் தள்ள முடியாதும்மா," என்றார் கதவோரம் நின்ற மேலாளர். "கதவுக்குப் புது பிளகின் சாயங்காலம் வந்துடும். அதுவரைக்கும் கதவைச் சாவி போட்டுத் திறந்துக்கலாம்."

"சரி சார்."

நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். திரையில் வரிசையாகத் "தயார்" விழுந்தது. பட்டியலில் தம்பியின் பிளகின் இருந்த இடம் வந்ததும் நிரல் நின்று, காத்திருந்தது.

"வந்துட்டேன்க்கா."

பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. அறைக்கதவு ஓர் ஆள் உள்ளே வருமளவு நேரம் திறந்திருந்துவிட்டு, மெல்லச் சாத்திக்கொண்டது. மேலாளர் கைபேசியைப் பார்த்தபடியே, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.