பின்பக்கம் இறங்கக் கூடாது

“முன்பக்கம் எப்படி இருந்தாலும் சரிண்ணே. பின்பக்கம் மட்டும் ஒரு விரக்கடைகூட இறங்கக் கூடாது.”

தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியிலிருந்து மரியசூசை தலையை நீட்டினார். பட்டறை வாசலில் நின்ற பையனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்ற வண்டியையும் பார்த்தார்.

சிவப்பு வண்டி. அகல டயர். ஸ்பிரிங்கைக் குறைத்துத் தரையோடு ஒட்ட வைத்திருந்தான். கண்ணாடி பூராவும் கறுப்பு ஃபிலிம்.

இந்த வண்டியை அவர் மறக்கவில்லை.

“பேரு?”

“வில்சன். திருமலைராயன்பட்டினம்ணே.”

“இப்படி இறக்கி வச்சதும் நீதானே?”

“கல்யாணத்துக்கு முன்னாடிண்ணே. அப்ப ஓட்டுறதுக்கு ஜோரா இருந்துச்சு. இப்ப மாத்தணும். எது போட்டா நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மரியசூசை எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“திருகி ஏத்தி இறக்கிக்கிற செட்டு இருக்கு. ரேஸ் விடுற பசங்க அதைத்தான் கேப்பாங்க. கேஸ் ஷாக் அப்சார்பர் இருக்கு. கம்பி தடிமனான ஸ்பிரிங்கும் இருக்கு. அது கட்டையாட்டம் நிக்கும். ஆனா பள்ளத்துல விழுந்தா தூக்கித் தூக்கிப் போடும்.”

“தூக்கிப் போடக் கூடாதுண்ணே. பாண்டிச்சேரி வரைக்கும் போகணும்.”

“அதாவது, இறங்கவும் கூடாது. குலுங்கவும் கூடாது.”

“ஆமாண்ணே. தாங்காது.”

“எப்படித் தாங்கும்? உடைஞ்சுல்ல போகும்.”

வில்சன் நிமிர்ந்து பார்த்தான்.

மரியசூசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரைக்கால் சரக்குக்கு எல்லை தாண்டினால் தனி மவுசு. செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் முதலில் பார்ப்பது ஓட்டுகிறவன் மூஞ்சியை இல்லை, வண்டியின் பின்பக்கத்தை. டிக்கியில் பாட்டில் இருந்தால் அது உட்கார்ந்துவிடும். அதனால்தான் இப்படி வருவான்கள், பின்பக்கம் இறங்கக் கூடாது, பாட்டில் குலுங்கக் கூடாது என்று. அவர் மச்சான் ஜான்பீட்டர் குடித்தே செத்தவன். சரக்கு வண்டியில் மரியசூசை கை வைப்பதில்லை.

“திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்ணே. ஏற்கெனவே ரெண்டு தடவை போக முடியாமப் போச்சு. இதையும் விட்டா எல்லாம் கைவிட்டுப் போயிரும்.”

“அவ்வளவு அவசரம்?”

“உயிர் போற அவசரம்ணே.”

“வழியில சீர்காழி, சிதம்பரம்னு இறக்கிக்கிட்டே போவ, இல்ல?”

“எதைண்ணே?”

“எங்கிட்டயேவா? நடிக்காத. போ, வேற பட்டறையைப் பாரு.”

வில்சன் நகரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

“அந்தோணியார் கோயில் திருவிழா அன்னைக்கு உன் வண்டி வாசல்ல நின்னுச்சே. பின்பக்கம் டயர்ல ஒட்டிக் கிடந்துச்சு. உள்ள ஆளுன்னு ஒருத்தரும் தெரியல. நான்தான் சொன்னேன், ‘லோடு பலமா இருக்கும் போல, வண்டி மூச்சுவிட முடியாமக் கெடக்கு’ன்னு. கூட நின்னவன் எல்லாம் சிரிச்சான். நீ வந்த, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்ட. கோயிலுக்குமா அந்தக் கருமத்தை ஏத்திக்கிட்டு வருவ? சாராயம் கடத்துற நாயே, உனக்கு சாமி ஒரு கேடா?”

“அன்னைக்கு வண்டியில சரக்கு இல்லண்ணே.”

“பின்ன என்ன இருந்துச்சு?”

“டெல்பின் படுத்திருந்தா. என் சம்சாரம்.”

மரியசூசை கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“கிட்னியில கோளாறு. மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு ஊதிப் போச்சு. முன் சீட்டுல உக்கார முடியாது. நாலு பேரு பார்ப்பாங்கன்னு இறங்கவும் மாட்டேன்னுட்டா. பின்னாடி படுத்தபடியே கும்பிட்டுக்கிட்டிருந்தா. நீங்க சொன்னதும் கேட்டுச்சு, அவங்க சிரிச்சதும் கேட்டுச்சு. அன்னையிலேருந்து வண்டியில ஏற மாட்டேங்கிறா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில ரெண்டு ஊசி விட்டுப் போச்சு.”

“வேன் வச்சாவது...”

“எதுல ஏறினாலும் இறங்கும், பார்த்துச் சிரிப்பாங்கன்னு கதவைச் சாத்திக்கிறா.”

“தம்பி, நான் அந்தப் பிள்ளையைச் சொல்லல. சத்தியமா. நான் சரக்கைத்தான்...”

“தெரியும்ணே. நானும் அவகிட்ட அப்படித்தான் சொன்னேன், என்னைக் கடத்தல்காரன்னு நினைச்சுப் பேசினாங்கன்னு. நம்ப மாட்டேங்கிறா. ‘என்னைத் தேத்துறதுக்காக உன் பேரைக் கெடுத்துக்காத’ன்னு அழுவுறா. அதான் ஸ்பிரிங் மேல பழியைப் போட்டுட்டேன். அது வீக்கு, உன்னால இல்ல, மாத்திட்டு வந்து காட்டுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

மரியசூசை வண்டியின் பின்பக்கத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“நல்லதாப் போட்டுத் தரலாம். ஆனா எதைப் போட்டாலும் ஆள் ஏறினா கொஞ்சம் இறங்கும் தம்பி. இறங்காட்டி அது ஸ்பிரிங்கே இல்ல.”

வில்சன் தலையை ஆட்டினான். இதையும் எதிர்பார்த்தே வந்தவன்போல இருந்தது.

“அப்ப ஒண்ணு மட்டும் செய்யுங்கண்ணே. இப்ப என்னைத் திட்டினீங்கல்ல, சாராயம் கடத்துற நாயேன்னு, வீட்டுக்கு வந்து அவ காதுபட அப்படியே திட்டிட்டுப் போங்க.”