எதிரே வராத வண்டிகள்

பந்தயத் திடலுக்குள் புகுந்த வேகத்தில், டிரைவிங் ஸ்கூல்காரர் மகளின் பைக் சாவியைப் பிடுங்கினார். கோபத்தில் அவருக்கு மீசை துடித்தது.

"இறங்குடி கீழே! ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறவன் பொண்ணு, ரேஸ் ஓட்டிச் சாகணுமா?"

மகளுக்கு அதுதான் முதல் பந்தயம். தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. தலைமுதல் கால்வரை கவசம் போட்டிருந்தவள் ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் தூக்கினாள்.

"சாவியக் குடுங்கப்பா. இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை மாசம் விழுந்து எழுந்து பழகினேன்."

"வேகம்னா எமன்டி! ஆபீஸ் போற பொண்ணுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"ரோட்டுல ஓட்டப் பயமா இருக்குப்பா. இங்க எல்லாரும் ஒரே பக்கமா போறாங்க. எதிர்ல எவனும் வரமாட்டான்."

"நல்லாருக்குடி கதை!"

"நீங்க கிளம்பிட்டீங்கன்னு அம்மா இப்பத்தானே போன் பண்ணா? பாலத்தைச் சுத்திட்டு வர ரொம்ப நேரமாகுமே, அதுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"பாலத்தை எவன் சுத்துவான்? ஒன்வேயில எதிர்ப்பக்கமா பைக்கை ஒரே அழுத்து! லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடிச்சுக் கத்தினான். போடான்னுட்டு வந்துட்டேன்."

மகள் ஹெல்மெட் இல்லாத அவருடைய வெறுந்தலையைப் பார்த்தாள். வண்டியிலிருந்து இறங்கினாள். தன் ஹெல்மெட்டைக் கழற்றி, அவர் தலையில் அழுத்தி மாட்டினாள்.

"ஸ்கூல் போற காலத்துல இருந்து உங்க பைக் பின்னாடி உக்காந்து வந்த பயம்தான்பா அந்த ரோட்டுப் பயம். சரி, நான் ரேஸை விட்டுடறேன். நீங்க எப்ப விடப்போறீங்க?"