கிரேவ் என்றால் கல்லறை

தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரிய கிளாக்கர் அந்தோனிப்பிள்ளை சொன்னார்.

"மதர் கிரேவ், கம். கிரேவ்னா கல்லறை. ஒங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க, பவுலினா."

கொழுந்துக் கூடையோடு நின்றவள் தோட்டத்து ஆபீஸ் வாசலிலேயே விழுந்து புரண்டு அழுதாள். ஹல்துமுல்லையில் அண்ணன் வீட்டிலிருந்த அம்மாவை அவள் பார்த்து எட்டு மாசம்.

சத்தம் கேட்டு துரை வெளியே வந்தார். கிளாக்கர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். லீவு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுசன், மூன்று நாள் லீவும் கொடுத்து, ஹாலிஎல போகிற லொறியிலும் ஏற்றிவிடச் சொன்னார்.

லொறி கிளம்பும்போது கிளாக்கர் ஓடி வந்தார். மெழுகுதிரியை ஹாலிஎல டவுனில் றவூப் நானா கடையிலேயே வாங்கச் சொன்னார், தந்தியையும் மறக்காமல் அவரிடம் காட்டச் சொன்னார். சாவு வீட்டுக்குப் போகிறவளிடம் பேசுகிற பேச்சா இது? அவளோடு கொழுந்து பறிக்கிற எங்களுக்கு எரிச்சலாக வந்தது.

றவூப் நானா தந்தியைப் படித்ததும், கொடுத்த மெழுகுதிரியைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாராம்.

"மவுத்தாகல்ல புள்ள. கிரேவ் எண்டா கல்லறையும்தான். ஆனா ஆளப் பத்திச் சொல்றப்போ, நெலம ரொம்ப மோசம் எண்டு அர்த்தம். உசிரு இருக்கு, ஓடிப்போய் பஸ்ஸப் புடி."

பவுலினாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அம்மா இருக்கிறாளா, இல்லையா? பாதி வழி அழுதாளாம், பாதி வழி ஜெபமாலை சொன்னாளாம்.

அம்மாவுக்கு உயிர் இருந்தது. மகளை அடையாளம் தெரிந்தது. அவள் கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு, மறுநாள் விடிகாலையில் கண்ணை மூடினாள்.

சேதி லயத்து வீடுகளுக்கு வந்ததும் எங்களுக்குக் கிளாக்கர் மேல் ஆத்திரமான ஆத்திரம். ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியாதவருக்கு என்னத்துக்கு அந்த நாற்காலி? திரும்பி வந்த பவுலினா நேரே ஆபீசுக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"உசிரோட இருந்த அம்மாவ ஏங்கய்யா சாகடிச்சீங்க?"

கிளாக்கர் மேசை லாச்சியைத் திறந்து கசங்கிய தந்திகளை அள்ளிப் போட்டார்.

"மதர் சீரியஸ், பாதர் சீரியஸ். இந்த வருசம் பதினோரு பேரு. எல்லாம் பொய்த் தந்தின்னு துரை ஒருத்தரையும் விடல. செத்தாத்தான் லீவுன்னுட்டாரு."

"அத எங்கிட்ட மட்டும் மெதுவாச் சொல்லியிருக்கலாமே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒனக்குப் பொய்யா அழத் தெரியாதேம்மா."