வைத்த கை

மூன்று மணி நேரம் நாற்பது நிமிடமாகச் சரக்கு வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

என்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தின்மேல் ஒரு சிவப்புப் பலகை. சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். அதைத் தாண்டி ஓர் அங்குலம் நகர யாருக்கும் அதிகாரம் இல்லை.

பெட்டிகளுக்கு அடியில் வேலைக்கு இறங்குகிறவர்கள் அதை வைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும். வைத்த கைதான் எடுக்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் தொடக் கூடாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு யார்டு மாஸ்டர் முதல் நாள் சொல்வது இதைத்தான்.

இன்று காலை வைத்தவள் அவருடைய அக்கா மகள்.

பத்து மணி வாக்கில் பயிற்சியாளர்கள் எல்லோருடைய போனும் ஒன்றுபோலச் சிணுங்கியது. பயிற்சி இன்றோடு முடிகிறது, நிரந்தர வேலை கிடையாது, உடனே வெளியேறவும். அவ்வளவுதான்.

பிரேக் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலைப் போட்டது போட்டபடி போனார்கள். ஒருத்தி அழுதாள். ஒருவன் தன் தலைக்கவசத்தை மாஸ்டரின் மேசைமேல், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல, வைத்துவிட்டுப் போனான். போன மாதம் கல்யாணமான பையன் ஒருவன். புதுமாப்பிள்ளை என்று எல்லோரும் ஓட்டுவார்கள். அவன் கண்ணில்கூடப் படவில்லை. சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்போல.

அவள் மட்டும் போகவில்லை.

வண்டியின் நடுவில், ஒரு பெட்டியின் சக்கரத்தை ஒட்டி, வெயிலில் கொதிக்கிற ஜல்லியில் குந்தியிருந்தாள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் உள்ளறைக்குப் போய் ஒளிந்துகொள்கிற பெண். இவளுக்கு இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று மாஸ்டருக்குப் புரியவில்லை.

என்ஜின் டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“சங்கம் பத்து வருஷமா கிழிக்காதத உங்க மருமக ஒரே பலகைல கிழிச்சுட்டா மாஸ்டர்.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ட்ரோல் ரூமிலிருந்து மறுபடியும் போன்.

“பலகைய எடுத்தாச்சுன்னு அடுத்த போன் உங்ககிட்டேருந்து வரணும். இல்லேன்னா நாளைலேருந்து நீங்களும் வீட்லயே இருந்துக்கலாம்.”

இந்த வயதில் வெளியே தள்ளினால் எவன் சேர்த்துக்கொள்வான்? மூத்தவன் ஏற்கெனவே வேலையில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். இவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

முதலில் போனபோது அவளை அதட்டினார். அடுத்த முறை கெஞ்சினார். அதற்கும் அடுத்த முறை தண்ணீர் கொண்டுபோனார். அவள் எழுந்து பாதி தூரம் வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

“மாமா, இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க. கிட்ட வராதீங்க.”

யார்டில் ஐயா என்றுதான் கூப்பிடுவாள். மாமா என்றதும் அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

எதற்குக் கொஞ்ச நேரம்? கம்பெனி மனம் மாறும் என்றா? நூறு பலகை வைத்தாலும் மாறாது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒழுங்காக வேலை பார்த்தால் நிரந்தரமாகிவிடும் என்று அத்தனை பிள்ளைகளிடமும் சொன்ன வாய்.

சற்றுத் தள்ளி வந்து திரும்பிப் பார்த்தார். பாட்டில் காலியாகக் கிடந்தது. அவள் உதடுகள் காய்ந்தே இருந்தன. அவை நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன. தனியாகப் பேசுகிறாள். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? அக்காவிடம் என்னவென்று சொல்வது?

சட்டைப் பையில் போன் மீண்டும் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. விறுவிறுவென்று என்ஜினிடம் நடந்தார்.

“பிரேக்க எடு. நான் பலகைய தூக்கினதும் மெதுவா விடு.”

டிரைவரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “நீங்களா? வெச்சவங்கதான...”

“எனக்கே பாடம் எடுக்காத.”

சக்கரம் லேசாக அசைந்தால் போதும், அவள் தானாக எழுந்து விலகிவிடுவாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு காலில் விழுந்தாவது அக்காவைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். முதலில் வேலை தப்பட்டும்.

பிரேக் விட்ட காற்று உஸ்ஸென்று பெட்டி பெட்டியாகப் பின்னால் ஓடியது.

மாஸ்டர் குனிந்தார். இத்தனை வருடத்தில் அடுத்தவர் வைத்த பலகையை அவர் தொட்டதில்லை. தகடு சுட்டது. இரண்டு கையாலும் பிடித்தார்.

ஜல்லி சிதறும் சத்தம் கேட்டது. அவள் ஓடி வந்தாள். வழியில் விழுந்தாள், எழுந்தாள், முழங்கால் கிழிந்து ரத்தம் வடிய வந்து அவர் கைகளின்மேல் தன் இரண்டு கைகளையும் போட்டுப் பலகையைத் தண்டவாளத்தோடு அழுத்தினாள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

“விடும்மா. என் பொழப்பையும் சேத்து அழிக்காத.”

அவள் தலையை ஆட்டினாள். மூச்சு வாங்கியது. அப்போதும் அவள் குரல் உயரவில்லை.

“எடுக்காதீங்க மாமா. புதுமாப்பிள்ளை அடியில படுத்திருக்கான், சக்கரத்துக்கு முன்னால. இப்பதான் அழவே ஆரம்பிச்சிருக்கான்.”