வளைவுல நிக்க லைட்டு

கிருஷ்ணமணி இண்ணைக்கு நாலு பேரு முன்னால மாட்டப் போறாருன்னு ஷிஜினுக்கு நிச்சயம். அதுக்காகவே பல்லுகூட தேய்க்காம வந்து சேக் முகம்மது டீக்கடை பெஞ்சில உக்காந்திருந்தான்.

"சேக் காக்கா, எம் போனு எங்க?"

"நேத்து நீ வச்ச ஜன்னல்லதான் கெடக்கு. நான் தொடல. அதுக்குள்ள என்னத்தல வச்சிருக்க?"

"திருடன வச்சிருக்கேன்."

கடைக்கு எதுத்தாப்புல ரோட்டு வளைவு. வளைவ ஒட்டி கிருஷ்ணமணியோட செவ்வந்தித் தோட்டம். ஷிஜினுக்க அம்மா ஜெயபாய் தோவாளை சந்தையில பூ எடுத்து, கெட்டி விக்கியவ. வெளுக்கதுக்கு முன்ன இந்த வளைவு வழியாத்தான் சந்தைக்கு நடக்கணும். போன வருசம் இருட்டுல இங்க ஓடைக்குள்ள விழுந்து, காலு ஒடிஞ்சு, மூணு மாசம் கட்டில்ல கெடந்தா. இப்பவும் ஒரு பக்கமா சாய்ஞ்சுதான் நட.

அண்ணைக்குப் புடிச்சது ஷிஜினுக்கு வாசி, ஒரே பிடிவாதம். லைட்டு வராம விடமாட்டேன்னு நிண்ணான். படிப்ப பாதியில விட்டவன் பதினோரு மனு எழுதுனான். பத்து மனுவுல எழுத்துப்பிழை. பதினோராவது மனு சுத்தமா வந்துது, அதுக்குத்தான் லைட்டும் வந்துதுன்னு ஊருல பேச்சு.

எதுத்தது ஒரே ஆளு. கிராம சபையில கிருஷ்ணமணி எந்திச்சு, "செவ்வந்திக்கு ராத்திரி இருட்டு வேணும்"னாரு.

"ஏன் அண்ணாச்சி, லைட்டு போட்டா உங்க செடிக்கு உறக்கம் வராதோ? தாராட்டு வேணும்னா சொல்லும், நான் வந்து பாடுகேன்"னான் ஷிஜின்.

சபையே உருண்டு சிரிச்சுது. கிருஷ்ணமணி துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு உக்காந்துட்டாரு.

லைட்டு வந்து ரெண்டு மாசம். நல்ல எல்.இ.டி. கீழ ஊசி விழுந்தா எடுக்கலாம். ஆனா பத்து நாளா யாரோ போஸ்ட்டுல உள்ள சுவிட்ச அணைக்கான். ஷிஜின் எத்தன தடவ போட்டாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி இருட்டு.

"எல்.இ.டி.யே கண்ணுக்குக் கேடு. வாட்சப்புல வந்துது"ன்னான் டீ குடிச்சிட்டிருந்த இஞ்ஞாசி.

"ஒமக்கு வாட்சப்பு பாத்துத்தான் கண்ணு கெட்டுது. பழி லைட்டு மேலயா?"

"பொது லைட்ட அணச்சா கேஸு உண்டும்ல. பஞ்சாயத்துல சொல்லு"ன்னாரு சேக்.

"சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்ன இங்க ஒரு ஷோ இருக்கு."

கிருஷ்ணமணி டீ குடிக்க வந்தாரு.

"வாரும் அண்ணாச்சி, உமக்குத்தான் காத்துக் கெடக்கோம். நீரு நடிச்ச படம். டிக்கெட்டு கெடயாது."

அவரு மொகம் சுருங்கிச்சு. "நான் அந்த சுவிட்ச தொட்டதே இல்ல மக்கா."

"இதையே ஸ்டேஷன்லயும் சொல்லும், நல்லா இருக்கும்."

எல்லாரும் போனச் சுத்தி நிண்ணாங்க. நேத்து ஜன்னல்ல ஓட விட்ட வீடியோவுல பொழுது அடஞ்சதும் லைட்டு எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல ஒரு உருவம் சாய்ஞ்சு சாய்ஞ்சு வந்துது. போஸ்ட்ட ஒரு கையால புடிச்சு மூச்சு வாங்கிச்சு. மத்த கைய நீட்டிச்சு. இருட்டு.

ஷிஜின் போன கண்ணுகிட்ட கொண்டு போனான். இஞ்ஞாசிதான் மெதுவா சொன்னான். "லேய், அது ஒனக்க அம்மையில்லா."

அந்நேரம் பூச்சாக்கோட ஆட்டோவுல வந்து எறங்குனா ஜெயபாய். மகன் மொகத்தப் பாத்தா. கையில இருந்த போனப் பாத்தா.

"எம்மா, இது நீயா?"

"நாந்தான்."

"ஒனக்காகத்தானே நான் நாயா அலஞ்சேன். இந்த ஆளு வந்து ஒங்கிட்ட அழுதாரா?"

"அவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீ சபையில சிரிக்க வச்ச பொறவு அவரு யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல."

சாக்க பெஞ்சுமேல வச்சா. "டெய்லி அந்த வழியா நடக்கியது நானு. லைட்டு விழுற நாலு வரி செவ்வந்தியப் போயிப் பாரு. எல மட்டும் பச்சப்பசேல்னு நிக்கு, பேருக்கு ஒரு மொட்டு இல்ல. அந்தப் பக்கம் இருட்டுல நிக்கது பூரா மொட்டு. இன்னும் கொஞ்ச நாளு எரிஞ்சா அந்த நாலு வரியில இந்த வருசம் பூவே இல்ல."

கிருஷ்ணமணி டீ கிளாஸையே பாத்துட்டு நிண்ணாரு.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா தாராட்டு பாடுவ."

யாரும் சிரிக்கல.

"மறுபடி ஓடையில விழுந்தா? இன்னொரு காலையும் ஒடிக்கணுமா?" ஷிஜின் அவளுக்க சாய்ஞ்ச காலக் காட்டுனான்.

ஜெயபாய் இடுப்புல சொருகியிருந்த டார்ச்ச உருவி அவன் கையில வச்சா.

"எனக்கு வெளிச்சம் கடையில கெடச்சுது மக்கா. அவருக்க செடிக்கு இருட்டு எந்தக் கடையில விக்கான்?"