பாறை மறைவில் ஒரு மீன்

சஸ்குவெஹானா ஆறு கரை முட்டக் கலங்கி ஓடுகிறது. காற்றில் திமிறும் படகை, பாறை மறைவில் நீர் அடங்கிய இடத்தில் நங்கூரமிட்டு நிறுத்துகிறாள் டார்லீன். பக்கவாதம் வந்த பிறகு அவள் கணவன் வெர்னன் தூண்டில் வீசுவது இந்த வசந்தத்தில்தான் முதல்முறை. நூல் வெடுக்கென்று இழுபடுகிறது. "பாஸ் மீன்டி! பெருசு!" தூண்டில் கழி வில்லாய் வளைகிறது, பக்கவாதம் தாக்கிய வலது கை நூல் சுருட்டும் ரீலைத் திணறித் திணறிச் சுற்றுகிறது. "குடுங்க, நான் இழுக்கறேன்." "தொட்டே, ஆத்துல தள்ளிவிட்ருவேன்." அவள் கையை மடியில் இறுக்கிக்கொள்கிறாள். வெண்கல நிறத்தில் புரண்டு வருகிறது மீன், வயிறு நிறைய முட்டையோடு. முள்ளைக் கழற்றி, நீருக்குள் சற்றுப் பிடித்திருந்து, முட்டையிடப் போகட்டும் என்று விட்டுவிடுகிறான் வெர்னன். வால் அடித்த வேகத்தில் இருவர் முகத்திலும் தண்ணீர். குளிர்காலம் முழுக்க வாய்வரை எழாத அந்த வலது கையால், யோசிக்காமலே, முகத்தை வழித்துக்கொள்கிறான். டார்லீன் தன் முகத்தைத் துடைக்க மறந்து பார்க்கிறாள்.